எந்தத் திசை நோக்கி?

மதுரை,
ஜூன் 3.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். கத்திரி முடிந்தும் வெயில்தான் தணியவில்லை. நம் ஊரில் மேற்கு நோக்கித் தொழும் இஸ்லாமியர், நியூயார்க்கில் வடகிழக்கு நோக்கித் தொழுவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வி என்னை எளிதில் விடவில்லை.

அவர்களுக்குத் திசை பொருட்டன்று. மக்காவிலுள்ள கஅபா என்னும் இடமே பொருட்டு. உருண்டையான பூமியில் அவ்விடத்துக்கு மிகக் குறுகிய வழி, உங்கள் ஊரிலிருந்து வடகிழக்காகவும், மதுரையிலிருந்து நேர்மேற்குக்கு ஏறக்குறைய 22 பாகை வடக்கே சாய்ந்தும் செல்கிறது. ஆண்டில் இருமுறை, மே 28, ஜூலை 16 ஆகிய நாள்களை ஒட்டி, மக்காவின் நண்பகலில் கதிரவன் கஅபாவின் நேர் உச்சிக்கு வருகிறது. சென்ற 28-ஆம் தேதி, நம் கடிகாரத்தில் பிற்பகல் 2.48-க்கு, மொட்டைமாடியில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலின் நிழல் விழுந்த கோட்டைச் சுண்ணக்கட்டியால் வரைந்தேன். நிழல் கிழக்கை ஒட்டிச் சற்றே தெற்காக விழுந்தது. அதற்கு நேர் எதிர்ப்புறமே கிப்லா என்னும் தொழுகைத் திசை. பக்கத்து வீட்டுப் பாய் மாடியேறி வந்து பார்த்து, தம் தொழுகை விரிப்பும் அதே போக்கில்தான் கிடக்கிறது என்று மகிழ்ந்தார். கிழக்கிலோ மேற்கிலோ முகத்தைத் திருப்புவது மட்டும் நன்மையாகிவிடாது என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் கூறுவதையும் அவரே எடுத்துச் சொன்னார். தொடக்க கால முஸ்லிம்கள் எருசலேமை நோக்கித் தொழுததும், 624-இல் மதீனாவில் அது மக்காவை நோக்கி மாறியதும் நீங்கள் அறிந்ததே.

பண்டைய கிறித்தவர் கிழக்கு நோக்கி வேண்டியது வேறு வகை. அங்கே குறிப்பிட்ட ஊர் எதுவுமில்லை. கிறிஸ்து கிழக்கிலிருந்து மீண்டும் வருவார் என்ற எதிர்பார்ப்பே அவர்களை உதயத்தை நோக்கி நிற்க வைத்தது.

நம் கோயில்களிலோ இடமுமில்லை, திசையுமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. திருப்பரங்குன்றத்தை நினைத்துப் பாருங்கள். முருகன் வடக்கு நோக்கியிருப்பதால் வணங்குபவர் தெற்கு நோக்கி நிற்கிறார். அதே குடைவரையில் சிவன் கிழக்கு நோக்கியும் பெருமாள் மேற்கு நோக்கியும் எதிரெதிரே எழுந்தருளியிருப்பதால், சில அடிகளுக்குள் நாம் மேற்கும் கிழக்குமாகத் திரும்பிக் கும்பிடுகிறோம். தெற்கு எமன் திசை என்று வீட்டில் விளக்கைக்கூட அப்பக்கம் பார்த்து ஏற்றாதவர்கள், முருகன்முன் கணமும் தயங்குவதில்லை. திருமுகம் எங்கே இருக்கிறதோ அதுவே அங்கே திசை. கொடிமரத்தருகே விழுந்து வணங்கும்போதுதான், கிழக்கு நோக்கிய கோயிலில் தலை வடக்கே இருக்க வேண்டும் என்று திசை மீண்டும் வந்து சேர்கிறது. ஆகவே, பூசை மாடத்துப் படம் மேற்கு பார்த்திருக்கிறதே என்று உங்கள் மகள் வருந்த வேண்டாம்; வணங்குபவர் கிழக்கு பார்ப்பார், அதுவும் நல்ல முறையே.

இவை எல்லாவற்றிலும் என்னை மிகவும் உலுக்குவது வடக்கிருத்தல். நேரில் கண்டிராத கோப்பெருஞ்சோழனின் நட்புக்காக, நம் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையார் வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்டார். அங்கே திசை, வேண்டுதலுக்காக அன்று. எடுத்த முடிவிலிருந்து திரும்புவதில்லை என்னும் உறுதிக்காக.

உங்கள் தெருவில் யூதர்களின் தொழுகைக்கூடம் இருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். அவர்களின் வேதம் எழுதிய திருச்சுருள் வைக்கும் பேழை, எருசலேமை எண்ணிக் கிழக்குச் சுவரில் அமைந்திருக்கிறதா என்று உள்ளே சென்று பார்க்க வாய்த்தால் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்.