தோட்டத்துல கேபிள் புதைக்கிறவங்க கவனத்துக்கு

தோட்டத்து லைட்டுக்கு, மோட்டாருக்கு கேபிள் புதைக்கப் போறவங்க தயவுசெஞ்சு 1 அடி தோண்டிட்டு மூடிடாதீங்க, குறைஞ்சது 2 அடி வேணும். சாதா ஒயர் மண்ணுக்குள்ள வேண்டவே வேண்டாம், ஆர்மர்டு கேபிள்தான் (உள்ள உலோகக் கவசம் போட்ட கேபிள்). கல்லெல்லாம் பொறுக்கிட்டு மணல் போட்டு கேபிளை வச்சு மேலயும் மணல் போட்டு செங்கல் அடுக்கி, பாதி மண்ணு மூடினதும் வார்னிங் டேப் (கீழ கேபிள் இருக்குன்னு தோண்டுறவங்களுக்குக் காட்டுற டேப்) விரிச்சுட்டு மீதிய மூடுங்க. நடுவுல ஜாயிண்ட் கூடவே கூடாது. எங்க வீட்ல வெறும் இன்சுலேஷன் டேப் சுத்திப் புதைச்சிருந்தாங்க, தோண்டிப் பாத்தா டேப் பிசுபிசுன்னு கழண்டு செம்பு பச்சை பூத்துக் கிடந்துச்சு, பசங்க வெறுங்கால்ல ஓடுற இடம், இப்போ நெனச்சாலும் பதறுது. 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) கண்டிப்பா மாட்டுங்க. கனெக்‌ஷன் எலக்ட்ரீஷியன்கிட்ட விட்ருங்க. மூடுறதுக்கு முன்னாடி சுவத்துல இருந்து எவ்ளோ தூரம்னு அளந்து போட்டோ எடுத்து வைங்க.