சிவப்புப் பேனாவால சுழிக்கிற இங்கிலீஷ் டீச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் டீச்சர், வணக்கம் சார். சாயங்காலம் வீட்டுல பத்து பதினஞ்சு பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கிறவ நான், அதனால நீங்க திருத்தின நோட்டு தினமும் என் கைக்கு வருது. உங்க கஷ்டம் தெரியும், கிளாஸ் நிறைய பிள்ளைங்க, போர்ஷன் வேற முடிக்கணும். இருந்தாலும் ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு: தப்பைச் சுழிக்கிறதோட நிறுத்தாம, ஏன் தப்புன்னு தமிழை வச்சே சொல்லுங்களேன்.

போன வாரம் ஏழாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி அழுதுட்டே வந்தா. மிஸ் 'டோன்ட் யூ ஹேவ் எ பென்'னு கேட்டாங்களாம், இவ 'எஸ் மிஸ்'னு சொல்லியிருக்கா, ஆனா கையில பேனா இல்ல, பொய் சொல்றியான்னு வெளிய நிக்க வச்சுட்டாங்க. அவ பொய் சொல்லல டீச்சர். 'பேனா இல்லையா?'ன்னு கேட்டா நாம 'ஆமா மிஸ், இல்ல'ன்னுதானே சொல்வோம், நீங்க நினைச்சது சரின்னு அர்த்தம். இங்கிலீஷ்ல கேள்வி எப்படி இருந்தாலும் சரி, பேனா இருந்தா எஸ், இல்லன்னா நோ. இதை ரெண்டு நிமிஷத்துல தமிழ்ல சொன்னேன், கண்ணைத் தொடச்சுட்டு சிரிச்சா.

'சின்ஸ் டூ டேஸ்'னு எழுதினா சுழிக்கிறீங்க, ஏன் தப்புன்னு பக்கத்துல ஒரு வரி இல்ல. 'ரெண்டு நாளா காய்ச்சல்', 'திங்கக்கிழமையிலேருந்து காய்ச்சல்', இந்த வித்தியாசம் அந்தப் பிள்ளை வாயிலயே இருக்கே! 'நாளா'ன்னு வந்தா ஃபார், 'லேருந்து'ன்னு வந்தா சின்ஸ், அவ்வளவுதான். 'டிஸ்கஸ் அபவுட்'டும் நம்ம 'அதைப் பத்திப் பேசினோம்'லேருந்து வர்றதுதான், டிஸ்கஸ்குள்ளயே அந்தப் 'பத்தி' இருக்குன்னு சொன்னா போதும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது எ, ஆன் கதை. ஓர் ஊர், ஒரு வீடுன்னு தமிழ் கிளாஸ்ல படிக்கிறாங்கல்ல, அதே கணக்குதான். குழப்பம் எங்க வருதுன்னா இங்கிலீஷ்ல எழுத்து ஒண்ணு, சத்தம் ஒண்ணு. அதனால நான் தமிழ்ல எழுதிப் பாக்கச் சொல்வேன். மணி நேரத்தைச் சொல்ற 'அவர்', 'எம்.எல்.ஏ' ரெண்டும் உயிரெழுத்துல ஆரம்பிக்குது, அப்ப ஆன். 'யுனிவர்சிட்டி'ல முதல் எழுத்து யு, உயிர்மெய், அப்ப எ.

இன்னொரு பையன் நோட்டுல, குறிச்ச தேதியை முன்னாடியே கொண்டுவர்றதை 'பிரிபோன்'னு எழுதினதுக்கு அப்படி ஒரு வார்த்தையே இல்லன்னு போட்டிருந்துச்சு. இருக்கு சார், இந்திய இங்கிலீஷ்னு ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரியிலயே இருக்கு. வெளிநாட்டுக்காரங்களுக்கு எழுதும்போது 'பிரிங் ஃபார்வர்டு'ன்னு எழுதுப்பான்னு சொல்லலாம், அந்த வார்த்தைக்கு மார்க்கைக் குறைக்காதீங்க.

சில ஸ்கூல்ல இங்கிலீஷ் பீரியட்ல தமிழ் பேசினா ஃபைன் போடுறாங்க. கிராமர் நடத்துற அந்த நாப்பது நிமிஷத்துக்காவது அதை நிறுத்துங்க, தயவுசெஞ்சு. அடுத்த தடவை 'சின்ஸ் டூ டேஸ்'ஐ சுழிக்கும்போது பக்கத்துல 'ரெண்டு நாளா'ன்னு தமிழ்ல மட்டும் எழுதி அனுப்புங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்.