வீட்டுப் பதிவுகளைக் கேட்டுக் கருத்துச் சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக இசை ஆர்வலர்களுக்கு,

வணக்கம். வேலை முடிந்து வந்த இரவிலோ, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்திலோ, பணி ஓய்வுக்குப் பின் வந்த நீண்ட பகல்களிலோ, வீட்டின் ஓர் அறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பாடியும் வாசித்தும் பதிவு செய்து, அதை ஒருவருக்கொருவர் அனுப்பி "கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொள்ளும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். பாடி அனுப்புகிறவர்களிடம் எனக்குக் குறை ஏதும் இல்லை. அதைக் கேட்டுப் பதில் சொல்கிறவர்களிடம், அதாவது இன்னொரு நாள் தாமும் பாடி அனுப்பப் போகிற நம் எல்லாரிடமும், ஒரு விண்ணப்பம் இருக்கிறது.

சபாக்கள் அடைபட்டு மார்கழிக் கச்சேரிகளே இணையத்துக்கு இடம் மாறிய 2020-ஆம் ஆண்டுக்குப் பிறகு வீட்டில் பதிவு செய்வது நம்மில் பலருக்குப் பழகிப்போயிற்று. மைக்கும் மென்பொருளும் கைக்கு எட்டும் விலைக்கு வந்துவிட்டன. ஆடாசிட்டி போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் கேட்டுச் சொல்லும் பழக்கம் இன்னும் இரண்டு எல்லைகளிலேயே நிற்கிறது. ஒரு பக்கம் "அருமை", "சூப்பர்", வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். மறுபக்கம் "சுருதி சேரவில்லை", "தாளம் உதைக்கிறது" என்று ஒற்றை வரியில் ஒரு தீர்ப்பு. முன்னது அன்பானது, பின்னது கறாரானது என்று நாம் பிரித்துப் பார்க்கிறோம். பாடி அனுப்பியவரின் இடத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அடுத்த முறை மைக்கின் முன் உட்காரும்போது எதை மாற்றுவது, எதை விடாமல் வைத்துக்கொள்வது என்பதற்கு இரண்டிலுமே விடை இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்: எந்த நிமிடத்தில், எந்த வரியில், உங்கள் காதுக்கு என்ன கேட்டது என்பதை முதலில் சொல்லுங்கள், அது ஏன் அப்படி இருக்கிறது என்று நீங்கள் ஊகிப்பதைத் தனியாகச் சொல்லுங்கள். இரண்டையும் கலந்து சொல்லும்போது என்ன நேர்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

நண்பர் ஒருவர் பழைய திரைப்பாடல் ஒன்றைக் கரோக்கி ட்ராக்குடன் (பாடகர் குரல் இல்லாத பின்னணி இசையுடன்) பாடி அனுப்பியிருந்தார். கேட்ட சிலர் லயம் போதாது என்றார்கள். ஒருவர் முறையாகத் தாளம் கற்றுக்கொள்ளச் சொன்னார். மனிதர் மனம் தளர்ந்து, பாட்டையே விட்டுவிடலாமா என்று பேசத் தொடங்கிவிட்டார். ஆனால் அந்தப் பதிவை ஹெட்போனில் கவனித்துக் கேட்டால், பல்லவியின் முதல் சொல் தொடங்கிக் கடைசிச் சரணத்தின் இறுதிச் சொல் வரை குரல் ஒரே அளவு பிந்தி வருவது தெரிந்தது. லயப்பிடிப்பு இல்லாதவர் ஓரிடத்தில் முந்துவார், ஓரிடத்தில் பிந்துவார், இடையிசை முடிந்து எடுக்கும் இடத்தில் தடுமாறுவார். முழுப் பாட்டையும் இவ்வளவு சீராகப் பிந்திப் பாட வேண்டுமானால் அதற்கே நல்ல லயம் வேண்டும். விசாரித்ததில், அவர் ப்ளூடூத் இயர்போனில் ட்ராக்கைக் கேட்டபடி பாடியிருக்கிறார். இத்தகைய இயர்போன்களில் ஒலி காதுக்கு வந்து சேரப் பொதுவாக 100 முதல் 200 மில்லிநொடி வரை தாமதமாகும். நிமிடத்துக்கு 90 அடி ஓடும் பாட்டில் ஓர் அடிக்கு 667 மில்லிநொடி; அதில் 150 மில்லிநொடி பிந்தினால் கிட்டத்தட்டக் கால் அடி பின்தங்கிவிடும். அவர் தாம் கேட்டதற்குச் சரியாகவே பாடினார். ட்ராக்தான் அதற்குள் கால் அடி கடந்து போயிருந்தது. மென்பொருளில் குரலை மட்டும் பிடித்து அந்த அளவு முன்னே இழுத்து வைத்தவுடன் பாட்டு தாளத்தில் உட்கார்ந்துவிட்டது.

"தொடக்கம் முதல் இறுதிவரை குரல் ட்ராக்குக்குப் பின்னால் வருகிறது, எல்லா இடத்திலும் ஒரே அளவு" என்று யாராவது ஒருவர் எழுதியிருந்தால், எழுதியவருக்கு ப்ளூடூத் பற்றி எதுவும் தெரியாமல் இருந்தாலும், விவரம் தெரிந்த மற்றொருவர் அதைப் பார்த்தவுடன் காரணத்தைச் சொல்லியிருப்பார். காதில் விழுந்ததை விழுந்தபடி சொல்வதற்குப் பெரிய ஞானம் தேவையில்லை. காரணத்தை முந்திக்கொண்டு சொல்லும்போதுதான் தவறு நேர்கிறது, அதுவும் அடுத்தவருடைய தன்னம்பிக்கையின் செலவில்.

சுருதியும் இப்படித்தான். "சுருதி சேரவில்லை" என்று சொல்வதை விட்டுவிட்டு, எங்கே சேரவில்லை என்று பாருங்கள். மேல் ஷட்ஜத்தை, அதாவது உச்சத்தில் வரும் 'ஸ'வைத் தொடும் இடங்களில் மட்டும் குரல் எட்டாமல் நின்றால், எடுத்துக்கொண்ட கட்டை (சுருதியின் உயரம்) அவருக்கு உயரமாக இருக்கலாம். அரைக் கட்டை இறக்கிப் பாடிப் பார்க்கச் சொல்லலாம். நீண்ட கார்வையின், அதாவது இழுத்து நிறுத்தும் ஸ்வரத்தின், வால் பகுதியில் மட்டும் இறங்கினால் அது பெரும்பாலும் மூச்சு பற்றியது. கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போய், இடையிசை வந்ததும் மறுபடி சேர்ந்துகொண்டால், ஹெட்போனை இரு காதிலும் இறுக்கி மாட்டிக்கொண்டு தம் குரலே தமக்குக் கேட்காதபடி பாடியிருக்கிறார் என்று ஊகிக்கலாம். ஒரு பக்கத்தை மட்டும் விலக்கி வைத்துப் பாடினால் பலருக்கு இது சரியாகிவிடுகிறது. தம்புராவே ஒரு நேரம் கேட்டு ஒரு நேரம் மறைகிறது என்றால் பழி பாடுகிறவர்மீது இல்லை. செல்போனில் உள்ள இரைச்சல் நீக்கும் வசதி, மாறாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும் எதையும் மின்விசிறிச் சத்தம் போலவே கருதி அமுக்கப் பார்க்கும். தம்புராவின் இயல்பே மாறாமல் ஒலிப்பதுதான் என்பது அந்த வசதிக்குத் தெரியாது. இந்த நான்கு நிலைமைகளுக்கும் நாம் இன்றுவரை ஒரே வாக்கியத்தை எழுதி வருகிறோம்.

"கொஞ்சம் ஆட்டோ டியூன் போட்டால் சரியாகிவிடும்" என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. 1997-இல் வந்த அந்த மென்பொருளும் அதன் வழிவந்தவையும் வழக்கமான அமைப்பில் குரலைப் பன்னிரண்டு ஸ்வரங்களில் அருகில் உள்ள ஏதோ ஒன்றுக்கு இழுத்து நிறுத்துகின்றன. நேர்க்கோட்டில் போகும் மெல்லிசை மெட்டுக்கு அது பொருந்தக்கூடும். ஆனால் தோடி ராகத்தின் காந்தாரம் என்ற ஸ்வரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர். அதன்மேல் இந்த மென்பொருளை ஓட்டினால் கமகம் என்ற அந்த அசைவு படிக்கட்டு இறங்குவது போல் துண்டு துண்டாகிவிடும். ஒப்பாரி, தெம்மாங்கு பாடுகிறவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்கும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டுகிறேன்.

கருவி பற்றிய அறிவுரையைப் பொறுத்தவரை, "நல்ல மைக் வாங்குங்கள்" என்பதைவிடச் சோம்பேறித்தனமான கருத்து வேறில்லை. நம் வீடுகளில் கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையும்தான் பெரும்பாலும் குரலைக் கெடுக்கின்றன. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேராக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும், அறையின் எதிரொலி பெரிதாகக் கூடாது. துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்தோ, பின்னால் ஒரு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டோ பாடினால் இன்னும் அடங்கும். மிக நெருங்கிவிட்டால் அடித்தொனி தடித்து, 'ப' வரும் இடமெல்லாம் மூச்சு மைக்கில் மோதும். மைக்கைச் சற்றே விலக்கி, பக்கவாட்டில் திருப்பி வைத்தால் போதும். இதற்கெல்லாம் ஒரு ரூபாய் செலவில்லை.

கேட்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேருந்தில் நின்றுகொண்டு செல்போனின் ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு "மிருதங்கம் எடுபடவில்லை" என்று எழுதாதீர்கள். அந்தச் சின்ன ஒலிபெருக்கிக்குத் தாழ்ந்த ஒலிகளைத் தரும் சக்தியே இல்லை. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் ஆழ்ந்த கும்காரம் பதிவில் இருந்தாலும் உங்கள் காதுக்கு வந்து சேராது. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக வந்த பதிவின் தரத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அது சுருக்கப்பட்டு வருகிறது, டாக்குமென்டாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு பதிவுகளில் எது மேல் என்று கேட்கப்பட்டால், இரண்டின் சத்தத்தையும் சமமாக வைத்துவிட்டுச் சொல்லுங்கள். சற்றே உரக்க ஒலிப்பதை நல்லதென்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் தேர்ந்த காதுகளுக்கும் உண்டு. முதல் முறை நிறுத்தாமல் முழுவதும் கேளுங்கள். குறிப்பெடுப்பது இரண்டாம் முறைதான்.

பாராட்டைக் குறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். பாராட்டும் இடம் சுட்டி வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். வீட்டில் பதிவு செய்கிறவர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுகிறவர். ஒவ்வொரு முறையும் எதையோ சேர்க்கிறார், எதையோ கைவிடுகிறார். சரணத்திலிருந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் அவர் குரலைத் தாழ்த்தி எடுத்தது உங்களுக்குப் பிடித்திருந்து, அதை நீங்கள் சொல்லாமல் "சூப்பர்" என்று மட்டும் எழுதினால், அது தற்செயலாக விழுந்த குறை என்று அவர் நினைத்து அடுத்த பதிவில் நீக்கிவிடக்கூடும். குறையைச் சுட்டாததால் கெட்ட பதிவுகளைவிட, நிறையைச் சுட்டாததால் மங்கிப்போன பதிவுகளே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதிவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு சொல்வது நல்லது. மெட்டு பிடித்துப் பார்க்கச் செல்போனில் முணுமுணுத்து அனுப்பியதற்கு ரிவெர்ப் (மென்பொருளில் சேர்க்கும் எதிரொலி) போதவில்லை என்று சொல்வதில் பயனில்லை. வெளியூரில் இருக்கும் பேரனுக்கு அனுப்ப ஒரு பாட்டி பாடிய தாலாட்டைக் கேட்டுவிட்டு மிக்ஸ் (ஒலிகளைக் கலந்த விதம்) பற்றிப் பேசுவது அதைவிடப் பொருத்தமற்றது. அவர் கருத்துக் கேட்கவில்லை, பாட்டைப் பகிர்ந்துகொண்டார்.

சிலவற்றை அறவே தவிர்க்க வேண்டும். குரலின் இயல்பான தன்மையைப் பாடுகிறவரால் மாற்ற முடியாது. அதைக் குறை சொல்லி ஆகப் போவது ஒன்றுமில்லை. திரையில் பாடியவருடன் ஒப்பிடுவதும் அப்படியே. அவருக்குப் பின்னால் முழு வாத்தியக் குழுவும் தேர்ந்த ஒலிப்பதிவாளரும் இருந்தார்கள், நம் நண்பருக்குப் பின்னால் குக்கர் விசிலும் காகமும் இருக்கின்றன. பெண்கள் பாடிய காணொளிகளின் கீழ் புடவையையும் முகத்தையும் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களுக்குத் தனியாக எதுவும் சொல்லத் தேவையில்லை. பாட்டைக் கேட்காதவர் பாட்டைப் பற்றி எழுத வேண்டாம் என்பதே போதும். வானொலி நிலையம் பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று கலைஞர்களைத் தரம் பிரிப்பதற்கு ஒரு நிர்வாகத் தேவை உண்டு. நிகழ்ச்சியும் ஊதியமும் அதன்படி அமைகின்றன. நாம் யாருக்கும் நிகழ்ச்சி ஒதுக்கப் போவதில்லை, ஆகவே யாருக்கும் தரச்சான்று வழங்க வேண்டியதும் இல்லை.

வயதில் மூத்தவர்கள் பாடும்போது இளையவர்கள் வாயைத் திறக்கத் தயங்குவதையும் பார்க்கிறேன். மரியாதைக்கும் விவரத்துக்கும் பகை கிடையாது. "ஐயா, 1:42-இல் 'மழை' என்ற சொல் 'மளை' என்று கேட்கிறது, அந்த வரியை மட்டும் திரும்பப் பாடி ஒட்டிவிடலாமா?" என்று கேட்டால் கோபித்துக்கொள்ளும் பெரியவரை நான் இதுவரை கண்டதில்லை. உச்சரிப்புப் பிழை போன்றவற்றை நாலு பேர் முன்னால் சொல்லாமல் தனியே சொல்லிவிடுவது நம் ஊர் வழக்கத்துக்கு ஏற்றது. ப்ளூடூத் தாமதம் போன்றவற்றைப் பொதுவில் சொன்னால் மற்றவர்களுக்கும் பயன்படும்.

அனுப்புகிறவர்களும் இதில் உதவலாம். பதிவோடு, எதில் பதிவு செய்தது, எத்தனை கட்டை, இது முதல் முயற்சியா முடிந்த பதிவா, எந்த இடத்தில் உங்களுக்கே சந்தேகம் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிவிலிருந்தே இதைத் தொடங்கிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நான் பாட்டும் கீபோர்டும் பதிவு செய்கிறவன் என்பதால் மேலே சொன்னவை பெரும்பாலும் குரலைச் சார்ந்தே அமைந்துவிட்டன; வீணை, புல்லாங்குழல், தவில் முதலியவற்றை வீட்டில் பதிவு செய்கிறவர்கள், தங்கள் வாத்தியத்தில் கேட்கிறவர் எதைக் கவனித்துச் சொன்னால் உதவியாக இருக்கும் என்று எழுதினால் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே வீட்டில் பதிவு செய்யும் ஒருவன்