விடயம்: கடுகு கூட நிற்காத பூச்சிப் போர்வையும் உங்கள் கண்டிக் கிளையும்

முகாமையாளர் அவர்களுக்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, கொழும்பு.

மதிப்புக்குரிய ஐயா,

நுவரெலியா கிரகரி வாவிப் பக்கம் மட்டக்குதிரைச் சவாரி விட்டுப் பிழைப்பவன் நான். பூச்சி கடிக்காமல் குதிரை மேல் போட வாங்கிய உங்கள் வலைப் போர்வையைப் பற்றிப் போனில் பேசிப் பேசி வாய் வலித்துப் போனதால் எழுதுகிறேன்.

எந்தப் போர்வை என்று உங்களுக்கே தெரியும். பற்றுச்சீட்டின் பிரதியும் வைத்திருக்கிறேன். "எல்லாக் கடிபூச்சிக்கும்" என்று பொதியில் போட்டிருக்கிறீர்கள். பெரிய குதிரை ஈ என்றால் சரி, தடுக்கும். விடியலிலும் அந்தியிலும் காற்று ஓய்ந்ததும் ஈரச் சேற்றுப் பக்கமிருந்து கிளம்புகிறதே ஒரு பொடிக் கடிபூச்சி, நுளம்பிலும் சின்னது, அதுதான் எங்கள் தலைவலி. ஒரு மில்லிமீற்றரிலிருந்து மூன்றுக்குள்தான் இருக்கும். அதன் எச்சில் என் குதிரை ராஜாத்திக்கு ஒவ்வாமை என்றார் மிருக வைத்தியர். பிடரியையும் வாலடியையும் கம்பத்தில் தேய்த்துத் தேய்த்து மயிர் கொட்டி, தோல் தடித்து நீர் வடிகிறது. வலைக் கண்ணி நெருக்கமான போர்வை போடச் சொன்னவரும் அவர்தான். இவ்வளவையும் ஓர்டர் கொடுக்கும்போதே சொல்லித்தான் 18,500 ரூபா கட்டினேன்.

வந்தது சல்லடை.

கண்டிக்கு நேரில் கொண்டுவரச் சொன்னது உங்கள் ஆட்கள். விடியக் காலம் பஸ் ஏறி, ரம்பொடை வளைவெல்லாம் குடல் கலங்க வந்து சேர்ந்தால், கவுண்டரில் இருந்தவர் போர்வையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அங்கேயே விரித்து, கொண்டுபோன கடுகில் ஒரு பிடி போட்டுக் காட்டினேன். அத்தனையும் கீழே உதிர்ந்தது. அதற்கு அந்த மனிதர் சொன்னது: "தரையைக் கூட்டிட்டுப் போங்க." ஐயா, உங்கள் கம்பனியில் இப்படித்தான் பேசப் பழக்குகிறீர்களா? பிறகு, மாற்றிக் கொடுப்பதெல்லாம் கொழும்பில்தானாம்! அதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது. தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொல்லும் குரல் மட்டும்தான் தமிழ். எடுப்பவர் சிங்களம். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, அது வேறு விடயம். அப்படி எடுத்த ஒருவர், மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தையே குதிரைக்கும் அடித்துப் பார்க்கச் சொன்னார். வெடித்த தோலில்!

ஏப்ரல் சீசன்தான் எங்களுக்கு வருசச் சோறு. புண்ணைக் கண்டதும் தாய்மார் பிள்ளையை இழுத்துக்கொண்டு அடுத்த குதிரைக்குப் போய்விடுகிறார்கள். லட்சக் கணக்கில் நட்டம், குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிட்டது. மின்விசிறி மாட்டி ஓரளவு சமாளிக்கிறேன். அந்தப் பூச்சிக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பில்லை. கரண்ட் பில்லை யார் கட்டுவது, நீங்களா?

தயவுசெய்து முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் சரியான கண்ணிப் போர்வையை உங்கள் செலவில் அனுப்புங்கள். கண்டிக்காரர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த மாதத்துக்குள் பதில் வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போவேன். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அழுத்த எனக்கும் தெரியும். அந்த அளவுக்கு விடமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: மாலை ஐந்து மணிக்குப் பிறகு அழைக்க வேண்டாம். பூச்சி இறங்கும் நேரம், கொட்டிலில் நிற்பேன். அந்தக் கண்டி ஆளை எந்த நேரத்திலும் பேச விடாதீர்கள்.