கவிழ்த்து ஓட்டும் படகு

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாசம் ஆகிறது, திட்டாதே. பெண்ணுக்குக் கல்யாணம் தை மாசத்தில் என்றால் முழங்கால் வலியோடாவது வந்து நிற்பேன்.

போன ஞாயிறு, ஜூன் 9, இத்தோமானுக்குப் போயிருந்தேன். ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில், தெற்கே இருக்கிற பேர்போன மீனவர் ஊர். சந்திரக் கணக்கில் ஐந்தாம் மாதம் நாலாம் நாள் அங்கே 'ஹாரே' என்று படகுப் போட்டி. எந்தக் கிழமையில் விழுந்தாலும் அன்றைக்குத்தான். நாஹா நகரத்தில் இதையே மே 3 முதல் 5 வரை, ஊருக்கே லீவான நாளில் வைத்துவிட்டார்கள். அங்கே படகுக்கு டிராகன் தலையும் வாலும் உண்டு, 14.5 மீட்டர் நீளம், துடுப்புப் போட மட்டும் 32 பேர். எனக்கென்னவோ தேர் பார்த்த மாதிரி இருந்தது. இத்தோமானில் ஓடுவது 'சபனி', காலங்காலமாக அவர்கள் மீன்பிடிக்கப் போன ஒல்லி மரப்படகு.

அதில் ஒரு போட்டியை நீ பார்த்திருக்க வேண்டும். பாதி வழியில் எல்லோரும் கடலில் குதித்து, நல்லாப் போகிற படகைத் தாங்களே கவிழ்க்கிறார்கள்! பிறகு நிமிர்த்தி, தண்ணீரை இறைத்து, ஏறி, மறுபடி துடுப்பு. நடுக்கடலில் கவிழ்ந்தால் பிழைக்கத் தெரிந்தவன்தானே மீனவன். நமக்கு அன்றைக்கு முகத்துவாரத்தில் வள்ளம் கவிழ்ந்தபோது நிமிர்த்தவா தெரிந்தது? பாலு உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு போட்ட கூச்சல் இன்னும் கேட்கிறது.

நடுவில் கடலில் வாத்துகளை விட்டு, நீந்திப் பிடிக்கச் சொல்கிறார்கள். பிடித்தவனுக்கே வாத்து. பாவம் என்று ஆட்சேபிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கும் அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனாலும் சிரித்தேன். ஹாரே சேகண்டி அடித்தால் மழைக்காலம் முடியும் என்பார்கள். அடித்து நாலு நாளாச்சு, என் துணி இன்னும் காயவில்லை.

மறுநாள் இறந்தவர்களின் ஹாரேயாம். கடல் அன்றைக்கு அவர்களுக்கு; உயிரோடு இருப்பவர்கள் படகு இறக்கமாட்டார்கள். லீவு போட்டுவிட்டு துறைமுகத்துக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பாலு போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது இல்லையா? அவர்களுக்கும் அந்தக் கவிழ்க்கிற போட்டி உண்டென்றால் அவன் படகில் ஏறியிருக்கமாட்டான், கரையில் நின்று சத்தம்தான் போட்டிருப்பான்.

கல்யாணத் தேதி முடிவானதும் எழுது.

உன்
மணி