கோழி தருமுன் கூட்டைப் பாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வாழ்வாதார உதவியாகக் கோழி வழங்கும் பிரதேச செயலக உத்தியோகத்தர்களுக்கும், கால்நடை உத்தியோகத்தர்களுக்கும், அந்தத் திட்டங்களை வரையும் தொண்டு நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

நீங்கள் தரும் கோழிகள் எங்கள் வளவுகளில் நிலைப்பதில்லை. நோயில் சாவது ஒரு பங்கு. அதற்கு நீங்கள் தடுப்பூசி போடுகிறீர்கள், அந்த உதவியை நாங்கள் மறக்கவில்லை. மற்றப் பங்கை நரியும் மரநாயும் கீரியும் ஊர்நாயும் கொண்டுபோகின்றன. நான் பார்த்த எந்தத் திட்டத்திலும் இதற்கென்று ஒரு சதமும் ஒதுக்கப்படவில்லை. கோழி உண்டு, தீன் மூடை உண்டு, தண்ணீர்ப் பாத்திரம் உண்டு. இரவில் அவை எங்கே படுக்கும் என்ற கேள்விக்குப் பயனாளியே பதில் தேட வேண்டியிருக்கிறது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கம் வீட்டு வேலியைத் தாண்டினால் வயல், வயலைத் தாண்டினால் குளமும் பற்றைக்காடும். அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில், பொத்துவில், நாவிதன்வெளிப் பக்கமும் இப்படித்தான். பொழுதுபட நரி ஊளையிடுவது இங்கு யாருக்கும் புதினம் இல்லை. யானை வந்து வீட்டை உடைத்தால் அதிகாரிகள் வருகிறார்கள், பத்திரிகையிலும் வருகிறது. நரி பத்துக் கோழியைக் கொண்டுபோனால் கிராம சேவகரிடம்கூட யாரும் முறையிடுவதில்லை. ஆனால் கணவனை இழந்து தனியாகப் பிள்ளைகளைப் பார்க்கிற ஒரு பெண்ணுக்கு அந்தப் பத்துக் கோழிதான் பிள்ளையின் கொப்பிக் காசு, கடைக்கடன், சில நாட்களில் கறியும்கூட. 2022இல் தீன் விலை ஏறி, பண்ணைகள் மூடப்பட்டு, 2023இல் இந்த நாடு இந்தியாவிலிருந்து முட்டை இறக்கியது. அந்தக் காலத்தில் வளவுக் கோழி வைத்திருந்த வீட்டுக்காரருக்கு அதன் பெறுமதி என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை.

எங்கள் ஊரில் ஒரு அம்மாவின் வளவில் நான் கண்டதைச் சொல்கிறேன். எந்தத் திட்டம், யார் கொடுத்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். முட்டையிடத் தொடங்கும் பருவத்துக் கோழிகள். கிடுகாலும் தடியாலும் அவரே கூடு கட்டி, முன்பக்கம் அறுகோணக் கண் வைத்த கோழிவலையை அடித்திருந்தார். விடியப் போய்ப் பார்த்தபோது கதவு பூட்டியபடியே இருந்தது. வலையும் மேலே அப்படியே. கீழே, வலை மண்ணைத் தொடும் இடத்தில், ஒரு சருவச்சட்டி நுழையும் அளவுக்கு மணலைத் தோண்டியிருந்தது. அறுந்து வளைந்த கம்பி நுனியில் செம்மண் நிற மயிர் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அங்கிருந்து வேலி இடுக்கு வரைக்கும், பிறகு வயல் வரம்பு நெடுக, இறகுகள். அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்: "தந்தாக்கள் கோழியத் தந்தாங்க, படமும் எடுத்தாங்க. கூட்ட வந்து ஒரு கண் பாக்கல்லயே மனே."

அவர் கவனமில்லாமல் இருந்தார் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடையில் கோழிவலை என்று கேட்டால் அந்த வலையைத்தான் கொடுப்பார்கள். அது கோழியை உள்ளே வைத்திருக்க உதவும், நரியை வெளியே வைத்திருக்க உதவாது. நாயும் நரியும் பல்லால் இழுத்தே அந்த மெல்லிய கம்பியைக் கிழித்துவிடும். கீரிக்கும் சாரைப்பாம்புக்கும் அதைக் கிழிக்கவும் தேவையில்லை, பெரிய கண் என்றால் புகுந்தே போய்விடும். வேண்டியது ஒட்டுப்போட்ட கம்பிவலை, கடைக்காரர் வெல்ட் மெஷ் என்பது, அரை அங்குலக் கண் உள்ளது. விலை கூடத்தான். அதனால்தான் இந்த மடலைப் பயனாளிகளுக்கு அல்ல, உங்களுக்கு எழுதுகிறேன்.

கூடு பெரிதாக இருக்கத் தேவையில்லை. பகலில் வளவில் மேய்கிற பத்துக் கோழி இரவில் தங்குவதற்கு நான்கு அடிக்கு நான்கு அடி போதும். நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில், கால் வைத்து நிற்க வேண்டும். கால்களைச் சுற்றி வழுக்கலான தகரம் அடித்தால் மரநாயும் எலியும் ஏறுவது கடினம். அடித்தளத்துக்கு ரீப்பைப் பலகையை இடைவெளி விட்டு அடித்து, அதன் கீழே கம்பிவலை போட்டால் எச்சம் கீழே விழும், கத்தரிக்கும் மிளகாய்க்கும் பசளையாகும். வாடைக் காற்றும் மழையும் அடிக்கிற பக்கத்தை மூடி, மற்ற இரண்டு பக்கமாவது வலையோடு திறந்து இருக்கட்டும். எங்கள் வெக்கைக்கு நான்கு பக்கமும் அடைத்த பெட்டி கோழிக்கு நல்லதல்ல. தகரக் கூரை என்றால் மேலே கிடுகு போடச் சொல்லுங்கள். கதவுக்கு ஒரு கொண்டியும், அது தானாகக் கழலாமல் ஒரு ஆணியும் போதும். கயிற்றால் கட்டி விட்டால் நாய் கடித்து இழுத்துவிடும்.

நிலத்தோடு கட்டிய கூடு ஏற்கனவே இருக்கிற வீடுகளும் உண்டு. அவற்றை இடிக்க வேண்டியதில்லை. கூட்டின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு வலையை நிலத்தில் படுக்கப் போட்டு, சுவரோடு இறுக்கிக் கட்டி, மேலே கல்லும் மண்ணும் போட்டால் சரி. தோண்ட வருகிற நரி சுவரின் அடியில்தான் தோண்டத் தொடங்கும். கம்பி தட்டுப்பட்டதும் பின்னுக்குப் போய் ஒன்றரை அடி தள்ளித் தோண்ட அதற்குத் தோன்றாது. வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக இருக்கிற எழுவான்கரையின் மணலில் கிடங்கு வெட்டி வலையைப் புதைப்பது வீண் வேலை, வெட்ட வெட்டச் சரியும். அங்கே படுக்கப் போடுவதுதான் வழி.

உங்கள் பயிற்சிப் பட்டறையில் தீன் கலவை பற்றி ஒரு மணித்தியாலம் பேசுகிறீர்கள். அதில் கால்மணித்தியாலத்தை, எந்தப் பிராணி வந்தது என்று காட்டுகிற தடயங்களுக்குத் தாருங்கள். நரி கோழியைத் தூக்கிக்கொண்டு போகும், இறகுதான் மிஞ்சும். ஊர்நாய் புகுந்தால் அகப்பட்டதையெல்லாம் குதறிப் போட்டுவிட்டுத் தின்னாமலே போகும். மரநாயும் கீரியும் கழுத்தையும் தலையையும் கடிக்கும். பூட்டிய கூட்டுக்குள் அகப்பட்டால் கோழிக்கு ஓட இடமில்லை, இருட்டில் கண்ணும் தெரியாது, அதனால் ஒரே இரவில் பல செத்துக் கிடக்கும். முட்டை கோதும் இல்லாமல் போனால் பாம்பையோ உடும்பையோ நினைக்க வேண்டும். இதெல்லாம் தெரியாத வீட்டில் எது செத்தாலும் பழி நரிக்கே. நரிக்கு வைத்த காவல் மரநாய்க்குச் சரிவராது. மரநாய் மரம் ஏறும், கூட்டில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடும். கோழியைப் புளியமரத்தில் படுக்க விடுகிற வழக்கம் நரியிடமிருந்து காக்கும், மரநாயிடமிருந்து காக்காது.

பகலிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. கீரி பகலில்தான் திரியும். காகமும் பருந்தும் வல்லூறும் குஞ்சுகளைத் தூக்கும். முதல் ஆறு, ஏழு கிழமைக்குக் குஞ்சுகளைத் தாயோடு கரப்பின் கீழோ வலைக் கூரை போட்ட சின்ன அடைப்பிலோ வைத்தால் இழப்பு வெகுவாகக் குறையும். ஆனால் நாள் முழுக்க வயலுக்கோ கூலி வேலைக்கோ போகிற பெண்ணிடம் இதை வாயால் மட்டும் சொல்லிப் பயனில்லை. அந்த அடைப்பும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

கூடு கொடுக்காவிட்டால் என்ன நடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். கோழியை இழந்த ஆத்திரத்தில் சிலர் வயலுக்கு அடிக்கிற மருந்தைக் கோழிக் குடலில் தடவி வேலியோரம் வைக்கிறார்கள். சிலர் இரைக்குள் மறைத்து, கடித்ததும் வெடிக்கிற வாய்வெடி வைக்கிறார்கள், சிலர் வேலிக்கு மின்சாரம் கொடுக்கிறார்கள். நஞ்சைத் தின்பது பக்கத்து வீட்டு நாயாகவும் இருக்கும், பருந்தாகவும் இருக்கும். மின்கம்பியில் யானையும் சாகிறது, மனிதரும் சாகிறார்கள். ஒரு நரியைக் கொன்றால் அந்த இடத்துக்கு வேறொரு நரி வரும், கூடு முன்பு இருந்தது போலவே ஓட்டையாக இருக்கும். உடும்பும் மலைப்பாம்பும் மீன்பிடிப் பூனையும் சட்டத்தால் காக்கப்பட்டவை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வயலில் எலியைப் பிடிப்பது நரியும் கீரியும் சாரைப்பாம்பும்தான். எலிக்காய்ச்சல் எங்கள் விவசாயிகளுக்கு எவ்வளவு பெரிய பயம் என்று உங்கள் சுகாதார உத்தியோகத்தர்களிடம் கேட்டுப் பாருங்கள். கோழிக்காக இவற்றை அழித்தால் நெல்லுக்கும் உடம்புக்கும் அதன் விலையைக் கொடுப்பது நாங்கள்தான்.

பிரதேச சபைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இறைச்சிக்கடைக் கழிவும் கோழிக்கடைக் கழிவும் இரவில் வாவியோரத்திலும் வீதியோரத்திலும் கொட்டப்படுகின்றன. நாய்க்கூட்டம் அங்கே சேர்கிறது, நரியும் வருகிறது, பிறகு பக்கத்து வளவுக்குள் இறங்குகின்றன. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்த பிறகுதான் திறந்த குப்பை விலங்கை எப்படி இழுக்கிறது என்று நாடு பேசியது. ஊர்களில் அதே காரியம் சின்ன அளவில் ஒவ்வொரு இரவும் நடக்கிறது. நரியோ நாயோ யாரையாவது கடித்தால், காயம் சின்னது என்று விடாமல் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் ஊர்க் கூட்டங்களில் சொல்லுங்கள்.

இனி நான் கேட்பது. நிதி அளவானது என்று தெரியும். அதனால் பத்துக் கோழிக்குப் பதிலாக ஆறு கோழியும் ஒரு நல்ல கூடும் தாருங்கள். கூடு கட்டி முடிந்து, உங்கள் உத்தியோகத்தர் ஒருவர் வந்து கையால் அசைத்துப் பார்த்த பிறகு கோழி வரட்டும். வலையை ஒவ்வொரு வீட்டாரும் ஒவ்வொரு அடியாக வாங்குவதை விட, நீங்கள் சுருளாக மொத்தமாக வாங்கினால் செலவு குறையும். கட்டுகிற வேலையை ஊர்த் தச்சரிடமும் மாதர் சங்கங்களிடமும் ஒப்படைக்கலாம். ஏறாவூரிலும் சம்மாந்துறையிலும் செங்கலடியிலும் தகரமும் இரும்பும் வேலை செய்யத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை.

கோழி கொடுக்கும் மாதத்தையும் மாற்றுங்கள். ஆண்டு முடிவதற்குள் காசைச் செலவழிக்க வேண்டும் என்று நவம்பரிலும் டிசம்பரிலும் கொண்டுவந்து இறக்குகிறீர்கள். எங்களுக்கு அது மாரி, வெள்ளம். தாழ்ந்த நிலத்திலிருந்த பாம்பும் மற்றப் பிராணிகளும் மேட்டில் இருக்கிற வீடுகளை நாடி வருகிற காலம். நனைந்த குஞ்சு நோயிலும் சாகும். பெரும்போக அறுவடை முடிந்த பிறகு, வெயில் பிடித்த பிறகு தாருங்கள்.

கடைசியாக உங்கள் படிவம். எத்தனை குடும்பத்துக்கு எத்தனை கோழி வழங்கப்பட்டது என்று அதில் ஒரு நிரல் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், ஆறு மாதத்துக்குப் பிறகு எத்தனை உயிரோடு இருக்கின்றன, போனவை எதனால் போயின என்று இன்னும் இரண்டு நிரல் போடுங்கள். அந்தக் கணக்கைப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் வாசியுங்கள். அடுத்த ஆண்டுத் திட்டத்தை எழுத உட்காரும்போது அந்தத் தாள் உங்கள் மேசையில் இருந்தால், வலைக்குக் காசு ஒதுக்க வேண்டுமா என்று யாரும் விவாதிக்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து கோழி வளர்க்கும் ஒருவர்