அரைப்பேரும் சிவப்புக் கோடும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தேர்ச்சி அறிக்கையோடு இந்தக் கடிதத்தையும் பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன். கொஞ்சம் நீளம்தான். வாசிக்கச் சிரமமாக இருந்தால் பிள்ளையே வாசித்துக் காட்டட்டும், அதுவும் ஒரு பாடம்.

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறேன். தரம் 4 டீச்சர் லீவில் இருந்ததால் இந்தத் தவணை தமிழ்த் தாள்களை நான்தான் திருத்தினேன். 'பேர்' என்ற சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்ன கேள்விக்கு ஒரு பிள்ளை, "அம்மாவுக்கு நேற்று அரைப்பேர்தான் விழுந்தது" என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். மறுநாள் அவள் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அலுவலக வாசலில் நின்றாள். "பேர்னா சம்பளம்தானே சேர்?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நானும் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்தவன்தான். கொழுந்து கிலோ குறைந்த நாட்களில் என் அம்மா வாசல் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்து முதலில் சொல்வதே அந்தச் சொல்தான். அதைக் கேட்டு வளர்ந்தவன், கையில் சிவப்புப் பேனை வந்ததும் அதைப் பிழை என்று வெட்டியிருக்கிறேன்.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஏன் ஒரு நாள் சம்பளம்? செக்றோல் என்ற வேலைப் பதிவேட்டில் உங்கள் பேர் பதிவானால்தான் அன்றைய கூலி உண்டு. பதியும் பேரே கூலிக்குப் பேராகிவிட்டது, பாதிக் கூலி அரைப்பேர். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள காரணம் பார்த்த மாத்திரத்தில் தெரியாது என்பதைத் தொல்காப்பியர் 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்கிறார். தோண்டினால் சில சொற்களில் கிடைக்கும். இந்தச் சொல்லைத் தோண்ட எனக்கு ஒரு தரம் 4 பிள்ளை தேவைப்பட்டாள்.

ஒன்று இன்னொன்றைக் குறித்து நிற்பது எப்படி, அதை மனிதர் எப்படி வாசித்துக்கொள்கிறார்கள் என்று ஆராயும் துறைக்குக் குறியியல் என்று பெயர். அதைக் கல்விக்குக் கொண்டுவந்து யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் தலையைக் காலிப் போத்தலாகவும் பாடத்தை அதில் ஊற்றும் தண்ணீராகவும் அவர்கள் நினைப்பதில்லை. பிள்ளை பிறந்த நாளிலிருந்தே குறிகளை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறது, பாடசாலை அந்த வாசிப்பை விரிக்கும் இடம் என்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படுகிறது.

ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி சொன்ன ஓர் உதாரணம் உண்டு. எட்டாத பொருளை எடுக்கக் குழந்தை கையை நீட்டுகிறது. அது வெறும் எட்டிப் பிடிக்கும் முயற்சி. அம்மா ஓடிவந்து "அதா வேணும்?" என்று எடுத்துக் கொடுக்கிறாள். நாளாக ஆக, கை நீட்டினால் ஆள் வரும் என்று குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. எட்டிப் பிடிக்க நீட்டிய கை, சுட்டிக் காட்டும் கையாக மாறிவிடுகிறது. வேலைக்குப் போகும் அம்மாமார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் போய் ஐந்து நிமிடம் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தக் கைக்கு முதலில் பொருள் கொடுத்தது நீங்கள், இல்லாவிட்டால் அங்கிருக்கும் ஆயா.

குறிகளைப் பல வகையாகப் பிரித்துக் காட்டியவர் சார்ள்ஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் (1839–1914) என்ற அமெரிக்கர். எழுத்தைப் பார்த்து நாம் பியர்ஸ் என்கிறோம், ஆனால் அவர் பெயரைச் சொல்வது காசு வைக்கும் 'பர்ஸ்' மாதிரித்தான். கடைசிக் காலத்தை வறுமையில் கழித்த மனிதருக்கு இப்படி ஒரு பெயர். படம் ஆளைப் போலவே இருப்பதால் ஆளைக் குறிக்கிறது. புகை, நெருப்பிலிருந்து வருவதால் நெருப்பைக் குறிக்கிறது. சொல்லோ நாம் எல்லோரும் அப்படி வழங்குவதால் மட்டுமே குறிக்கிறது. பேர், அரைப்பேர் எல்லாம் இந்த மூன்றாவது வகை.

இரண்டாவது வகையில் நீங்கள்தான் கெட்டிக்காரர்கள். மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினால், மேட்டில் மரம் சாய்ந்தால், சுவரிலோ நிலத்திலோ புதிதாக வெடிப்பு விழுந்தால் மலை என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவுக்குப் பிறகு இதை விளக்கத் தேவையில்லை. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் கவனமாக இருக்கச் சொல்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். நிலைமை மோசமாக ஆக அதன் எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று ஏறும். இதைக் காலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு, "சிவப்பு என்றால் என்ன?" என்று கேட்டேன். முன்வரிசைப் பையன் கையை உயர்த்தி, "பிழை, சேர்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. சிவப்பு எச்சரிக்கை வந்தால் உடுத்த துணியோடு வெளியேற வேண்டும். பிள்ளைகளுக்கோ சிவப்பு என்றால் என் பேனைதான் நினைவுக்கு வருகிறது. அதனால் அடுத்த தவணையிலிருந்து கொப்பிகளைப் பச்சைப் பேனையால் திருத்துகிறோம். சிறிய விஷயம்தான், அதைப் பெரிய சீர்திருத்தம் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று. தரம் 3 முதல் 5 வரை வெள்ளிக்கிழமை ஒரு பாடவேளையில் பிள்ளைகள் வீட்டுச் சொற்களையும் மலை காட்டும் அடையாளங்களையும் சேகரிக்கப் போகிறார்கள். "மடுவம் என்றால் என்ன, மழை வருவது எப்படித் தெரியும்" என்று உங்களைக் கேட்பார்கள். நிறுவை முடிந்து களைத்து வந்த நேரத்தில் கேட்டாலும் "போய்ப் படி" என்று விரட்டாதீர்கள், அதுதான் படிப்பு. அம்மா கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்தால் வட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினாலும் போதும்.

"இதற்குப் புலமைப்பரிசிலில் மார்க் கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். நேரடியாகக் கிடைக்காது. பரீட்சையில் பேர் என்றால் பெயர் என்று எழுதத்தான் சொல்லிக்கொடுப்போம். ஒரு சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தருவதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு வாசித்து விளங்கும் கேள்வி இலேசாகும் என்பது என் அனுபவம்.

அந்தப் பிள்ளையின் தாளில் என் கோட்டை அடித்துவிட்டுச் சரி போட்டிருக்கிறேன், மார்க்கும் கூட்டியாகிவிட்டது. கீழே உள்ள பதில் துண்டை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத அப்பாயி, அம்மாயி கைநாட்டு வைத்தாலும் சரி. பியர்ஸ் சொன்ன கணக்கில் அது விரலே நேராக விட்டுப்போகும் குறி, கையெழுத்தைவிட நம்பகமானது.

இப்படிக்கு,
அதிபர்